ரம்ப்பா, ஸ்காட்ச் ஃபில்லெட்டா, ஐ ஃபில்லெட்டா? ஆஸ்திரேலியாவில் ஸ்டேக் வாங்கும் நம் வீடுகளுக்கு

போன வருடம் மகளின் ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, மிகக் குறைவாக வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. மாலையானால் சோர்ந்து படுத்துவிடுவாள். படிப்புச் சுமை என்றுதான் நினைத்திருந்தோம். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டில் சாப்பிடும் பழக்கம் இருந்தால் வாரம் இரண்டு மூன்று வேளை சிவப்பு இறைச்சியும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அன்று மாலையே சூப்பர்மார்க்கெட்டில் கறி அலமாரி முன்னால் நின்றேன். ரம்ப், போர்ட்டர்ஹவுஸ், ஸ்காட்ச் ஃபில்லெட், ஐ ஃபில்லெட் என ஸ்டேக்குக்கு, அதாவது சுட்டுச் சாப்பிடும் தடித்த மாட்டிறைச்சித் துண்டுக்கு, நான்கு பெயர், நான்கு விலை. பிள்ளைக்குத்தானே என்று இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்தேன். விலைக்குத் தகுந்த சத்து இருக்கும் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கை தவறு என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்டேக்கில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு மென்மைக்குப் போகிறது. இரும்பும் புரதமும் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மெல்போர்னில் தெரிந்த குடும்பங்களில் இதே கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால், கற்றுக்கொண்டதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். மாட்டிறைச்சி தொடாத வீடுகள் நம்மில் நிறைய; இது சாப்பிடுகிறவர்களுக்கு.

## பெயரில் இருக்கிற குழப்பம்

ஒரே துண்டுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். அமெரிக்கச் சமையல் காணொளி பார்த்துவிட்டு இங்கே கடைக்குப் போனால் தடுமாறத்தான் வேண்டும். அவர்கள் ரிப் ஐ என்பதை, எலும்பு நீக்கியபின் இங்கே ஸ்காட்ச் ஃபில்லெட் என்கிறார்கள். அவர்களுடைய டெண்டர்லாயின்தான் இங்கே ஐ ஃபில்லெட். நம் ஊர்க் கறிக்கடையில் அதற்கு அண்டர்கட் என்று பெயர். அவர்களுடைய டாப் சர்லாயின் இங்கே ரம்ப். போர்ட்டர்ஹவுஸ்தான் பெரிய வம்பு: அமெரிக்காவில் அது டி வடிவ எலும்போடு வரும் பெரிய துண்டு, இங்கே எலும்பில்லாத சர்லாயின், அதாவது அவர்கள் நியூயார்க் ஸ்ட்ரிப் என்று சொல்வது. செய்முறையைப் பின்பற்றும் முன் அது எந்த நாட்டுச் செய்முறை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை எல்லாம் பார்க்க வேண்டும்

முதலாவது, வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது. நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தால் ஏற்பார்களா, முழுக்க வெந்தே தீர வேண்டுமா? நம் வீடுகளில் மற்ற எல்லாக் கேள்வியும் இதற்குப் பின்னால்தான் வரும். எந்தத் துண்டு நல்லது என்பதே இந்தப் பதிலைப் பொறுத்து மாறிவிடுகிறது.

இரண்டாவது, நிறைகொழுப்பு (saturated fat), இதயத்துக்கு ஆகாத வகை. இரும்பு எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்று என்றேன், கொழுப்பு அப்படியில்லை. இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வரும். குடும்பத்தில் இதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்கள் இதை முதலாவதாகவே வைத்துக்கொள்ளலாம். கொலஸ்ட்ராலின் அளவு மட்டும் கொழுப்புக் குறைந்த துண்டிலும் பெரிதாகக் குறையாது.

மூன்றாவது, தட்டுக்கு வரும்போது என்ன விலை என்பது. அட்டையில் போட்டிருக்கும் கிலோ விலை பச்சைக் கறிக்கு. வெட்டி எறியும் கொழுப்பு, நார், வேகும்போது போகும் தண்ணீர் எல்லாம் போக மிஞ்சுவதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தேன். 420 கிராம் ரம்ப். ஓரக் கொழுப்பையும் நாரையும் எடுத்தபின் 382. நடுத்தரமாக வேகவைத்து எடுத்தபோது 290-க்குச் சற்றுக் குறைவு. இன்னும் நன்றாக வேகவிட்டிருந்தால் 250-க்குப் போயிருக்கும். அதிகம் வேகவைப்பதும் ஒரு செலவுதான்.

நான்காவது, கைத்தவறை அந்தத் துண்டு எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு இது முக்கியம்.

கீழே உள்ள எண்கள் தோராயமானவை. மாட்டின் தீவனம், வயது, எவ்வளவு கொழுப்பை நீக்குகிறோம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். ரம்ப்பின் விலையை 1 என்று வைத்திருக்கிறேன்.

| | ரம்ப் (கொழுப்பு நீக்கியது) | போர்ட்டர்ஹவுஸ் (ஓரக் கொழுப்போடு) | ஸ்காட்ச் ஃபில்லெட் | ஐ ஃபில்லெட் |
|---|---|---|---|---|
| கிலோ விலை | 1 | சுமார் 1.5 | சுமார் 2 | 2-க்கு மேல் |
| சமைத்த 100 கிராமில் கலோரி | 170–190 | 230–250 | 250–290 | 180–200 |
| கொழுப்பு | 5–7 கிராம் | 14–16 கிராம் | 15–20 கிராம் | 7–9 கிராம் |
| புரதம் | 28–30 கிராம் | 25–27 கிராம் | 24–26 கிராம் | 27–29 கிராம் |
| மென்மை | கடிக்க வேண்டும் | நடுத்தரம் | மென்மை | மிக மென்மை |
| அதிகம் வெந்தால் | ரப்பர் | கொஞ்சம் தாங்கும் | நன்றாகத் தாங்கும் | மென்மை போகாது, வறண்டுவிடும் |

இரும்பு வரிசையை நான் போடவில்லை. நான்கிலுமே சமைத்த 100 கிராமுக்கு 2.5 முதல் 3 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். 19 முதல் 50 வயது வரையான பெண்களுக்கு ஆஸ்திரேலியாவில் சொல்லப்படும் அளவு நாளுக்கு 18 மில்லிகிராம், ஆண்களுக்கு 8. அப்படிப் பார்த்தால் ஒரு ஸ்டேக்கில் கிடைப்பது கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் இறைச்சியில் உள்ள இரும்பில் பாதிக்குப் பக்கமாக ஹீம் வகை. உடம்பு அதைக் கீரை, பருப்பின் இரும்பைவிட எளிதாக எடுத்துக்கொள்கிறது. கூடவே, அதே தட்டில் இருக்கும் கீரையின் இரும்பு உடம்பில் சேரவும் இறைச்சி கைகொடுக்கிறது. அதனால் மகளுக்கு ஸ்டேக்கோடு உருளைக்கிழங்கு வறுவல் வைப்பதை நிறுத்திவிட்டு, பாசிப்பருப்புக் கீரைக் கூட்டும் எலுமிச்சை பிழிந்த தக்காளி வெங்காயமும் வைக்கிறேன். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிவைத்தோம். டீ அந்தக் கீரை இரும்பைத் தடுத்துவிடும்.

## ரம்ப்

எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாக வாங்குவது இதுதான். இடுப்புக்குப் பின்னால், மாடு நடக்க உதவும் தசை. வேலை செய்த தசை என்பதால் மாட்டிறைச்சியின் சுவை இதில் தெளிவாகத் தெரியும். கொழுப்பு ஓரத்தில் தனியாக இருப்பதால் கத்தியால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். ஸ்காட்ச் ஃபில்லெட்டில் அப்படி முடியாது. அங்கே அது கறிக்குள்ளேயே ஓடுகிறது.

குறை என்னவென்றால் ரம்ப் ஒரே தசை இல்லை. ஒரு பெரிய துண்டுக்குள் இரண்டு மூன்று தசை சேர்ந்திருக்கும், ஒவ்வொன்றிலும் நார் வேறு திசையில் ஓடும். ஒரு பக்கம் பஞ்சாகவும் மறுபக்கம் சவ்வாகவும் இருக்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். தசைகள் பிரியும் கோட்டில் பச்சையாக இருக்கும்போதே வெட்டிப் பிரித்துவிட்டு, தனித்தனியாகச் சமைத்து, நாருக்குக் குறுக்கே அரை விரல் பருமனில் சீவினால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மேலே தொப்பிபோல் கொழுப்பு மூடிய பகுதி ரம்ப் கேப். பிரேசில்காரர்கள் பிக்கான்யா என்று கொண்டாடும் துண்டு அதுதான். தனியாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

நம் கை தானாகப் பப்பாளிக்காயைத் தேடும். ஆட்டுக்கறிக்கு அரைத்துப் போடுவதுபோல இதற்கும் போடலாம், ஆனால் மேலாகத் தடவி இருபது முப்பது நிமிடம் போதும். பப்பாளி உள்ளே அதிகம் இறங்காது. மேல்பகுதியை மட்டும் மாவாக்கிவிடும். இரவெல்லாம் ஊறவைத்த ஒரு துண்டை நான் குப்பையில்தான் போட வேண்டியிருந்தது.

வாரம் இரண்டு முறை செய்கிற வீடு, இரும்புக்காகவும் புரதத்துக்காகவும் சாப்பிடுகிறவர்கள், கொழுப்பைக் கணக்கிடுகிறவர்கள், நடுவில் கொஞ்சம் சிவப்பாக இருந்தாலும் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ரம்ப்பை எடுக்கலாம். முழுக்க வெந்த ஸ்டேக்தான் வேண்டுமென்றால் இதை எடுக்காதீர்கள்.

## போர்ட்டர்ஹவுஸ்

ரம்ப்புக்கும் ஸ்காட்ச் ஃபில்லெட்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரே தசை, வடிவம் சீராக இருக்கும், அதனால் ஒரே மாதிரி வேகும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்ல துண்டு. ஓரத்தில் ஒரு விரல் அகலக் கொழுப்புப் பட்டை இருக்கும். சமைக்கும்போது இருக்கட்டும், தட்டில் வைக்கும்போது வெட்டிவிடுங்கள். அப்படிச் செய்தால் அட்டவணையில் உள்ள கொழுப்பு ரம்ப்பின் அளவுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், ஆனால் அந்தப் பட்டைக்கும் சேர்த்து விலை கொடுத்திருப்பீர்கள். பாதி விலையில் போட்டால் வாங்குகிறேன். மற்ற நாட்களில் ரம்ப்பைத் தாண்டி இதற்குப் போக எனக்குக் காரணம் கிடைப்பதில்லை.

## ஸ்காட்ச் ஃபில்லெட்

சுவைக்கு என் ஓட்டு இதற்குத்தான். விலா எலும்புப் பக்கத்துத் தசை, கொழுப்பு வெள்ளை இழைகளாக உள்ளே ஓடியிருக்கும். சூட்டில் அது உருகி, கறி வறளாமல் காக்கும். ஓரத்தில் பிறைபோல் வளைந்து ஒட்டியிருக்கும் தனிப் பகுதியைக் கவனியுங்கள். மாட்டில் அதைவிடச் சுவையான இடம் இல்லை என்பேன்.

முழுக்க வெந்தால்தான் சாப்பிடுவேன் என்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நன்றாக வேகவைக்கப் போகிறோம், எதற்கு விலை கூடிய கறி என்று நினைப்பது இயல்பு. ஆனால் முழு வேக்காட்டில் தண்ணீர் போனபிறகும் வாயில் ஈரம் தருவது உள்ளிருக்கும் கொழுப்புதான். ரம்ப்பில் அது இல்லை.

விலை தவிர வேறு செலவுகளும் உண்டு. 300 கிராம் துண்டு ஒன்றை முழுதாகச் சாப்பிட்டால் நிறைகொழுப்பு பலருக்கு ஒருநாள் அளவைத் தொட்டுவிடும். இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடுங்கள். இன்னொன்று புகை. கொழுப்பு உருகிச் சூடான இரும்பில் பட்டால் சமையலறை நிறைந்துவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பதறிப்போய் வாசல் கதவைத் திறந்து புகையைப் பொது நடைவழிக்கு விடாதீர்கள். கட்டிட அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால், வீண் அழைப்புக்கான கட்டணம் உங்கள் தலையில் வரலாம். ஜன்னலைத் திறங்கள், விசிறியைப் போடுங்கள்.

பிறந்தநாள், விருந்தாளி, மாதம் ஒருமுறை ஆசைக்கு என்றால் இது. வாரச் சாப்பாட்டுக்கு வேண்டாம்.

## ஐ ஃபில்லெட்

முதுகெலும்புக்கு உட்புறம் இருக்கும் தசை. மாடு அதை அதிகம் பயன்படுத்துவதே இல்லை, அதனால் வெண்ணெய்போல் வெட்டலாம். ஒரு மாட்டில் கொஞ்சமே கிடைக்கும். விலைக்குக் காரணம் அது. உழைக்காத தசைக்கு ருசியும் மென்மையாகத்தான் இருக்கும். இதை வாங்குகிறவர்கள் மேலே மிளகு சாஸோ வெண்ணெயோ ஊற்றுவது அதனால்தான், அந்தச் சாஸின் கொழுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முழுசாக, சுத்தம் செய்யாததாக வாங்கினால் விலை குறைவாகத் தெரியும். மேலே ஒட்டியிருக்கும் வெள்ளிச் சவ்வையும் பக்கச் சதையையும் எடுத்தபின் நல்ல பங்கு குறைந்துவிடும். நறுக்கிய துண்டுகளின் விலையோடு அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இது சரியாகப் பொருந்தும் இடம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் மாமியார் மூன்று மாதம் வந்து தங்கியபோது அவருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. ரம்ப்பை மென்று பார்த்து ஓரத்தில் வைத்துவிட்டார். ஐ ஃபில்லெட்டை வட்டத் துண்டாகச் செய்து கொடுத்தபோது தட்டு காலியானது. பல் வலுவில்லாதவர்களுக்கும் கொழுப்பில்லாமல் மென்மையாக வேண்டும் என்கிறவர்களுக்கும் இதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் இரும்புக்கு வீண்தான்.

## ஸ்டேக்கே வேண்டாமென்றால்

கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு இதுவே சரியான பதிலாக இருக்கிறது. சிவப்பாக இருந்தால் யாரும் தொட மாட்டார்கள், ஸ்காட்ச் ஃபில்லெட் கட்டுப்படியாகாது என்றால் சக் அல்லது கிரேவி பீஃப் வாங்கிக் குழம்பு வையுங்கள். அது கழுத்து, தோள், கால் தசை. கொலாஜன் என்னும் கெட்டியான இணைப்புப் புரதம் நிறைந்தது, 70 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வேகும்போது அது ஜெலட்டினாகக் கரையும். ஸ்டேக்கை நாசமாக்கும் வேக்காடே இதற்கு வேண்டியது. குக்கரில் 25–30 நிமிடம், மிளகும் சோம்பும் கூடுதலாக. இரும்பு எங்கும் போகாது. கறியிலிருந்து இறங்கியதும் குழம்பிலேயே இருக்கிறது. விலையும் பெரும்பாலும் ரம்ப்பைவிடக் குறைவு.

எந்த வழியானாலும் அளவுக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஆஸ்திரேலிய உணவு வழிகாட்டி வாரத்துக்கு அதிகபட்சம் சமைத்த கொழுப்பில்லாச் சிவப்பு இறைச்சி 455 கிராம் என்கிறது. இது மாட்டுக்கு மட்டும் இல்லை. ஆடும் பன்றியும் இதற்குள் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் ஸ்டேக்குக்கு. 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சிவப்பு இறைச்சியை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பட்டியலில் சேர்த்ததையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். கரிந்த கருப்புப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

## அடுப்பில்

துண்டு தடிமனாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடைக்கு மேல், அதாவது இரண்டரை மூன்று சென்டிமீட்டர். ஒல்லியான இரண்டு துண்டுக்குப் பதில் தடித்த ஒன்றை வாங்கி, சமைத்தபின் பங்கு போடுங்கள். ஒல்லித் துண்டு மேலே சிவக்கும் முன் உள்ளே முழுக்க வெந்துவிடும்.

உப்பை முந்தின இரவே தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. நேரமில்லையா, கல்லில் போடுவதற்குச் சற்று முன் போடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு போடுவதுதான் மோசம். உப்பு இழுத்த நீர் மேலேயே நிற்கும், கறி வறுபடாமல் அவியும். எப்படியானாலும் காகிதத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். மிளகுத்தூள் இறக்கியபின். முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும்.

தனியாகச் சட்டி வாங்க வேண்டியதில்லை. கனமான வார்ப்பிரும்பு தோசைக்கல் ரம்ப்புக்கும் ஐ ஃபில்லெட்டுக்கும் அருமையாக இருக்கும். ஸ்காட்ச் ஃபில்லெட்டுக்கு மட்டும் வேண்டாம். விளிம்பில்லாததால் உருகிய கொழுப்பு அடுப்பில் வழியும். தோசைக்கு வேறு கல் இருக்கட்டும். ஸ்டேக் சுட்ட கல்லில் அடுத்த நாள் வார்த்த தோசையில் அந்த வாசம் அப்படியே இருந்தது.

கல் புகை கிளம்பும் சூட்டுக்கு வந்ததும் போட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள். ஒரே முறைதான் திருப்ப வேண்டும் என்பார்கள். அடிக்கடி திருப்பினால்தான் சீராக வேகும், கரியும் குறையும். ஒரு வெப்பமானி வாங்கிவிடுங்கள், ஒரு ஐ ஃபில்லெட் துண்டின் விலைக்குக் கிடைக்கும். நடுவில் 52 டிகிரி காட்டும்போது எடுத்தால், வெளியே வைத்த ஐந்து நிமிடத்தில் தானே ஏறி 55-ல் நிற்கும்: நடு சிவந்த மீடியம் ரேர். 58-ல் எடுத்தால் மீடியம்.

முழுக்க வேக வேண்டியவர்களுக்கு நான் செய்வது வேறு. 120 டிகிரி ஓவனில் கறியை வைத்து, நடுவில் 70 வரும்வரை மெல்ல ஏற்றிவிட்டு, கடைசியில் கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். உள்ளே சிவப்பு இருக்காது, ஈரமும் முழுக்கப் போய்விடாது.

இந்த முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மாமியாரின் ஒரு கேள்வி. முதல் நாள் துண்டை வெட்டியதும் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உள்ள ரத்தமால்ல இருக்கு?" என்றார். "ரத்தம் இல்ல அத்தை, அது அறுக்கும்போதே வடிஞ்சிரும். இது தசையோட நிறம், மயோகுளோபின்னு பேரு" என்றேன். நம்பினார், ஆனாலும் கை போகவில்லை. வற்புறுத்தவில்லை. அவர் வயதுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் முழுக்க வெந்தது நல்லது. முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சூடான கல் அதைக் கொன்றுவிடும் என்பதால்தான் மற்றவர்கள் உள்ளே சிவப்பாகச் சாப்பிட முடிகிறது. கொத்துக்கறிக்கு இது பொருந்தாது. அரைக்கும்போது கிருமி உள்ளெல்லாம் கலந்துவிடும், 75 டிகிரி வரை வேக வேண்டும். ஊசி குத்தி மென்மையாக்கிய கறிக்கும் முழு வேக்காடுதான்.

மிஞ்சிய ஸ்டேக்கை மறுநாள் சூடாக்காதீர்கள், ரம்ப் என்றால் செருப்பாகிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு மெல்லியதாகச் சீவி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லி போட்டுப் பிசறிவிடுங்கள். மகள் மதியத்துக்குக் கொண்டுபோவது அதைத்தான்.